கேட்டால்தான் பில் வரும்! - வலென்சியாவில் ஒரு மதுரைக் குடும்பம்

ஸ்பெயினின் வலென்சியா நகரத்துக்குக் குடிவந்த முதல் ஞாயிற்றுக்கிழமை. வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த சின்ன உணவகத்தில் நானும் கணவரும் மகனும் சாப்பிட்டு முடித்துவிட்டு பில்லுக்காகக் காத்திருந்தோம். பத்து நிமிடம், இருபது நிமிடம், நாற்பது நிமிடம் ஆகிவிட்டது. பரிமாறுபவர் எங்களைத் தாண்டிப் போகிறார், பார்த்துச் சிரிக்கிறார், பில்லை மட்டும் கொண்டுவரவில்லை. "நம்மளப் பாத்தா இளக்காரமா இருக்கு போல" என்று கணவர் முணுமுணுத்தார். எனக்கும் சுருக்கென்றுதான் இருந்தது.

நான் மதுரைக்காரி. எங்கள் ஊர் ஹோட்டல்களில் ஞாயிறு மதியம் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும். நாம் ரசத்துக்கு வரும்போதே நாற்காலிக்குப் பின்னால் அடுத்த குடும்பம் வந்து நின்றுவிடும். மோர் ஊற்றும்போது பில் இலைக்குப் பக்கத்தில் இருக்கும். அப்படிச் சாப்பிட்டு வளர்ந்தவளுக்கு இது அவமரியாதையாகத் தெரிந்ததில் ஆச்சர்யம் இல்லை.

விஷயம் நேர்தலைகீழ் என்று பிறகுதான் புரிந்தது. இங்கே கேட்காமல் பில் வைத்தால், 'சீக்கிரம் கிளம்புங்கள்' என்று சொல்வதுபோல. சாப்பிட்ட பிறகு மேசையை விட்டு எழாமல் பேசிக்கொண்டிருப்பதற்கென்றே ஒரு வார்த்தை வைத்திருக்கிறார்கள்: 'சோப்ரெமேசா.' காபி வரும், பேச்சு ஓடும், பழைய சண்டை ஒன்று திரும்ப எழும், யாராவது சிரிக்கவைப்பார்கள். இரண்டு மணிக்கு உட்கார்ந்தவர்கள் ஐந்து மணிக்கு எழுவது ஞாயிற்றுக்கிழமைகளில் சாதாரணம்.

இந்த ஊரின் கடிகாரத்துக்குப் பழக எங்களுக்கு ஆறு மாதம் பிடித்தது. மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு மேல், இரவுச் சாப்பாடு ஒன்பதுக்கு மேல். ஜூன் மாதத்தில் சூரியன் மறையவே இரவு ஒன்பதரை ஆகிவிடும். பத்து மணிக்குத் தெருமுனைச் சதுக்கத்தில் குழந்தைகள் பந்து விளையாடுவதைப் பார்த்து, 'இந்தப் பிள்ளைகளுக்கு அம்மா அப்பாவே கிடையாதா' என்று திகைத்திருக்கிறேன். அம்மா அப்பா அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள், பாட்டியும்கூட.

இதற்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது. வரைபடத்தைப் பார்த்தால் ஸ்பெயின் லண்டனுக்கு நேர் கீழே இருக்கிறது. கடிகாரமோ பெர்லினோடு ஓடுகிறது. 1940-ல் சர்வாதிகாரி ஃபிராங்கோ நாட்டின் நேரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி, ஜெர்மனியோடு ஒத்துப்போகச் செய்தார். போர் முடிந்தும் அது பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. அதனால் கோடையில் வலென்சியாவில் சூரியன் உச்சிக்கு வருவதே பிற்பகல் இரண்டு மணி வாக்கில்தான். இவர்கள் வயிறு சூரியனைப் பார்த்துச் சாப்பிடுகிறது, கடிகாரம்தான் பொய் சொல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

'சியெஸ்தா' பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஊரிலிருந்து போன் செய்கிற எல்லோரும், "அங்க எல்லாரும் மத்தியானம் தூங்குவாங்களாமே?" என்றுதான் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்து அலுவலகம் போகிற யாரும் தூங்குவதில்லை. சின்னக் கடைகள் இரண்டு மணிக்கு ஷட்டரை இறக்கி ஐந்து மணிக்கு ஏற்றும். ஆனால் அந்தக் கடையில் வேலை செய்கிற பெண் இரவு எட்டரைக்குத்தான் வீட்டுக்குப் போவாள். சட்டப்படி வாரத்துக்கு 40 மணி நேர வேலை. அதை 37.5 ஆகக் குறைக்கும் மசோதா 2025 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் தோற்றுப்போனது. இவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்பவர்கள், அந்தப் பெண்ணோடு ஒருநாள் நின்று பார்க்கலாம்.

எனக்கு இந்த ஊர் பிடிக்க ஆரம்பித்தது சோற்றால். நகரத்துக்குத் தெற்கே அல்புஃபேரா என்கிற பெரிய ஏரி, அதைச் சுற்றிக் கண்ணுக்கு எட்டியவரை நெல்வயல். நாற்று பச்சை பிடித்திருந்த நாளில் முதன்முதலாகப் பார்த்தபோது, சோழவந்தான் பக்கம் போகிற பஸ்ஸில் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. ஸ்பெயினுக்கு நெல்லைக் கொண்டுவந்தவர்கள் அரேபியர்கள். 'பயேயா' என்று இவர்கள் சொல்வது முதலில் அந்த அகலமான வாணலியின் பெயர், பிறகுதான் சாப்பாட்டின் பெயர். வலென்சியாக்காரர்களின் அசல் பயேயாவில் கோழி, முயல், பச்சை பீன்ஸ், பெரிய வெள்ளை மொச்சை போன்ற ஒரு பயறு. இறாலைப் பற்றிப் பேசினால் முகம் மாறும். அடியில் பிடித்த காந்தலுக்கு 'சொக்கர்ராத்' என்று பெயர். எங்கள் வீட்டில் குழம்புச் சட்டியில் சோறு போட்டுப் பிசைந்ததற்கு நடக்கும் சண்டை, இங்கே காந்தலுக்கு நடக்கிறது.

அந்தக் காந்தலை எனக்கு முதலில் சுரண்டிக் கொடுத்தவர் மூன்றாவது மாடிப் பாட்டி. எழுபத்தெட்டு வயது, தனியாக இருக்கிறார். என் ஸ்பானிஷ் பள்ளிக்கூடமே அவர் சமையலறைதான். நான் எதற்குப் பரபரத்தாலும் அவரிடம் ஒரே வார்த்தை: "ட்ரான்கிலா." நிதானமாக இரு, பெண்ணே.

அந்த வார்த்தையைக் கேட்டு நான் கத்திய நாளும் உண்டு.

ஓர் ஆகஸ்ட் மாதம். மதுரையில் அப்பா பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. இரண்டு நாளில் ஆபரேஷன் என்று தம்பி போனில் சொன்னான். என் குடியிருப்பு அட்டையோ காலாவதியாகியிருந்தது. புதுப்பிக்க முன்பே விண்ணப்பித்திருந்தோம், புது அட்டை வரவில்லை. அது கையில் இல்லாமல் நாட்டை விட்டுப் போனால், திரும்பி வர ஓர் அனுமதித் தாள் வேண்டும். அந்தத் தாளுக்கு அலுவலகம் போக இணையத்தில் முன்பதிவு வேண்டும். திறந்தால் ஒரே வரி: 'தற்போது நேரம் இல்லை.' விடியற்காலை பார்த்தேன், நள்ளிரவில் பார்த்தேன். ஆகஸ்டில் பாதி நாடு கடற்கரையில் இருக்கிறது. வருடத்துக்கு 30 நாள் சம்பளத்தோடு விடுமுறை என்பதை அதுவரை பெருமையாக ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான்தான்.

மருத்துவமனை வராந்தாவில் தம்பி பிடித்த போன் திரையில்தான் அப்பாவை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்தேன். அங்கே காலை பத்து, இங்கே ஆறரை. அன்றைக்குப் பாட்டி மாடியேறி வந்து "ட்ரான்கிலா" என்றார். "உங்களுக்கென்ன, உங்க நாடு, உங்க லீவு" என்று எனக்குத் தெரிந்த அத்தனை ஸ்பானிஷிலும் கத்தினேன். அவர் எதுவும் சொல்லாமல் இறங்கிப் போனார்.

மறுநாள் காலை ஏழரைக்குக் கதவைத் தட்டினார். கையில் ஒரு மடக்கு நாற்காலி. முன்பதிவு இல்லாவிட்டாலும் அலுவலக வாசலில் போய் நிற்போம் என்றார். முதல் நாள் திருப்பி அனுப்பினார்கள். இரண்டாவது நாளும். ஒரு வாரத்துக்குப் பிறகு, அவரை அடையாளம் கண்டுகொண்ட ஊழியர் ஒருவர் வெளியே வந்து, ஒரு தேதியைத் தாளில் எழுதிக் கொடுத்தார். ஆக மொத்தம் பத்தொன்பது நாள்.

(இதே ஊரில், தேவாலய வாசலில் ஒவ்வொரு வியாழக்கிழமையும் பகல் பன்னிரண்டு மணிக்கு எட்டு விவசாயிகள் நீதிபதிகளாக உட்கார்ந்து, வாய்க்கால் தண்ணீர்த் தகராறுகளை விசாரிக்கிறார்கள். எல்லாமே வாய்மொழிதான், தீர்ப்பு அங்கேயே. 2009-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்த நீதிமன்றம் அது. என் காகிதத்தையும் அவர்களிடமே கொடுத்திருக்கலாம் என்று அடிக்கடி நினைப்பேன்.)

நான் மதுரை போய்ச் சேர்ந்தபோது அப்பா வாக்கர் பிடித்து நடக்கத் தொடங்கியிருந்தார். மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் உட்கார்ந்தோம். தம்பி பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு ஆபீஸ் போனை எடுத்துக்கொண்டு எழுந்தான். தம்பி மனைவிக்குப் பிள்ளைகளை அழைத்துவர நேரமாகிவிட்டது. நானும் பழக்கத்தில் தட்டைத் தூக்கிக்கொண்டு பாதி எழுந்துவிட்டேன். அப்பா மட்டும் உட்கார்ந்திருந்தார். வாக்கர் இரண்டு அடி தள்ளி இருந்தது, எழ முடியாது. தினமும் இப்படித்தான் இருந்திருக்கும்.

உட்கார்ந்தேன். அப்பா 1974-ல் முதல் வேலைக்காகத் தூத்துக்குடி போன கதையைச் சொல்ல ஆரம்பித்தார். முன்பு பலமுறை பாதி கேட்ட கதை. அன்றுதான் அதில் ஓர் உப்பளமும், அப்பாவுக்குக் கடன் கொடுத்த ஒரு டீக்கடைக்காரரும், தாத்தாவிடம் மறைத்த ஒரு கடிதமும் இருப்பது தெரிந்தது.

"கை காயுது பாரு, எந்திரிச்சுக் கழுவு" என்று அம்மா அடுக்களையிலிருந்து இரண்டு தடவை சத்தம் போட்டார்.

"இருக்கட்டும்மா" என்றேன்.

திரும்பி வந்ததும் பாட்டிக்கு ஒரு சுங்குடிச் சேலை கொடுத்தேன். அதைத் தன் சாப்பாட்டு மேசையில் விரித்துவைத்திருக்கிறார். அதற்கு மேல் கண்ணாடி போட்டதால் கறை படுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் அங்கேதான்.

குடியிருப்பு அட்டையை அடுத்த வருடம் மறுபடி புதுப்பிக்க வேண்டும். அதற்கான பைலை இப்போதே தயார் செய்துவிட்டேன். மடக்கு நாற்காலி எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது.