முதல் நெடுந்தொலைவு மிதிவண்டிப் பயணம்

நெடுந்தொலைவு மிதிவண்டிப் பயணம் என்பது, வேண்டிய பொருட்களை வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு, பல நாட்கள் தொடர்ந்து மிதிவண்டியில் ஊர்விட்டு ஊர் செல்வதாகும். மிதிவண்டிப் பந்தயத்தைப் போல் இதில் வேகம் முதன்மை பெறுவதில்லை. முதன்முறை செல்வோர் பலருக்கு உடல்வலிமைக் குறைவைக் காட்டிலும், பழுது, தனிமை, களைப்பு ஆகியவற்றைப் பற்றிய அச்சமே பெரிய தடையாக அமைகின்றது. இவ்வச்சம் ஊக்கச் சொற்களால் நீங்குவது அரிது. சிறு பயணங்களால் குறைகின்றது.

வரலாறு

தாமசு இசுட்டீவன்சு என்பவர் பெரிய முன்சக்கரம் கொண்ட வண்டியில் 1884 ஏப்ரலில் சான் பிரான்சிசுக்கோவிலிருந்து புறப்பட்டு, இடையில் கடல்களைக் கப்பலில் கடந்து, 1886 டிசம்பரில் சப்பானின் யோக்கோகாமாவை அடைந்தார். மிதிவண்டியில் உலகைச் சுற்றிய முதல் மனிதர் இவரே.

ஆயத்தம் பற்றி அறிய அயர்லாந்து எழுத்தாளர் டெர்வ்லா மர்பியின் (1931–2022) வாழ்க்கை கூடுதலாக உதவும். பத்தாவது பிறந்தநாளில் அவருக்குப் பழைய மிதிவண்டி ஒன்றும் நிலப்படநூல் ஒன்றும் பரிசாகக் கிடைத்தன. இந்தியாவுக்கு மிதிவண்டியிலேயே செல்வது என அப்போதே முடிவு செய்தார். நோயுற்ற தாயைப் பராமரிப்பதற்காகப் பதினான்கு வயதில் பள்ளியை விட்ட அவர், தாய் இறந்த பின்னர், 1963 சனவரியில் கடுங்குளிரில் புறப்பட்டு, அதே ஆண்டு சூலையில் தில்லியை அடைந்தார். இருபது ஆண்டுக் காத்திருப்பு வீணான காலமன்று. இடையில் வேல்சு, செருமனி, எசுப்பானியா முதலிய இடங்களுக்குச் சிறு மிதிவண்டிப் பயணங்கள் சென்று பழகியிருந்தார். கரடுமுரடான சாலைகளுக்குத் தாங்காது எனக் கருதித் தம் வண்டியின் கியர் அமைப்பையும் புறப்படுமுன் கழற்றிவிட்டார். (மலைகளை நினைத்தால் இது எல்லோரும் பின்பற்றத்தக்கதன்று.)

வெள்ளோட்டம்

முழுச் சுமையுடன் ஓர் இரவு வெளியே தங்கித் திரும்பும் இரண்டு நாள் பயணமே சிறந்த ஆயத்தமாகும். சுமையேற்றிய வண்டி திரும்புவதிலும் நிற்பதிலும் வேறுபட்டு நடந்துகொள்ளும். முதல் நாளைவிட, உடல்நோவுடன் மீண்டும் இருக்கையில் அமரும் இரண்டாம் நாள் காலையே பயணிக்குக் கூடுதலாகக் கற்றுத்தரும். பயன்படாத பொருட்களும் அப்போதே தெரியவரும். சுமையை முதுகில் சுமக்காமல், கேரியரின் இருபுறமும் தாழ்வாகத் தொங்கும் பைகளில் வைத்தல் வேண்டும்.

பழுது

பஞ்சர் ஒட்டுவதை வீட்டிலேயே பலமுறை செய்து பழகுதல் நன்று. டயரின் உட்புறத்தைத் துணியால் தடவிப் பார்த்து, குத்திய முள்ளை அகற்றாமல் புதிய டியூபை மாட்டினால், அதுவும் சிறிது நேரத்தில் காற்றிழக்கும். காற்றடிக்கும் பம்பு, மாற்று டியூப், ஒட்டுப் பொருட்கள், டயர் கழற்றும் நெம்பிகள், திருகுச்சாவிகள் ஆகியவை இன்றியமையாதவை. மிதிகட்டை கீழ்நிலையில் இருக்கையில் முழங்கால் சற்றே மடங்கியிருக்குமாறு இருக்கையின் உயரத்தை அமைக்க வேண்டும். தாழ்வான இருக்கை முழங்கால் வலிக்குக் காரணமாகலாம்.

உணவும் மனநிலையும்

தசைகளிலும் கல்லீரலிலும் சேமிக்கப்பட்டுள்ள மாச்சத்து சில மணிநேரக் கடும் உழைப்பில் பெரிதும் தீர்ந்துவிடும். அப்போது கால்கள் கனப்பதோடு, எரிச்சலும், பயணமே பிழை என்னும் எண்ணமும் தோன்றலாம். மனவுறுதிக் குறைவு என்று பயணி தம்மை நொந்துகொள்ளும் இந்நிலை பலவேளைகளில் வெறும் பசியே ஆகும். ஆகவே பசிக்கும் முன்னரே சிறிது சிறிதாக உண்ணுதல் நன்று. வாழைப்பழம், பேரீச்சை, கடலை மிட்டாய் போன்றவை ஏற்றவை. வெப்பநாட்களில் நீருடன் உப்பும் தேவைப்படும்.

திரும்பிவிடுவதா என்னும் முடிவை ஏற்றத்தின் நடுவிலோ எதிர்க்காற்றிலோ எடுக்காமல், உண்டு உறங்கிய பின் எடுப்பது நல்லது. எனினும் காய்ச்சல், நெஞ்சுவலி, வெப்பத்தால் வரும் தலைச்சுற்றல் ஆகியவற்றுக்கு இது பொருந்தாது. அவை தோன்றினால் உடனே நிறுத்திவிட வேண்டும். இதனையும், நாள்தோறும் எந்நேரத்தில் தொடர்பு கொள்வது என்பதையும் புறப்படுமுன் வீட்டாருடன் பேசி முடிவு செய்துகொண்டால், அவர்களுடைய கவலையும் ஓரளவு குறையும்.