நின்றால் கொதிக்குதா? ஓடினால் கொதிக்குதா?

பழைய கார் வைத்திருப்பவர்கள் மெக்கானிக்கிடம் போகும் முன் கவனிக்க!

இருங்காட்டுக்கோட்டையில் ஷிப்டு முடிகிற நேரம். ஒரு பக்கம் கம்பெனி பஸ்கள். மறுபக்கம் கன்டெய்னர் லாரிகள். நடுவில் மாட்டிக்கொண்ட கார்கள் ஆமை வேகத்தில் நகரும்.

வெயில் காலத்தில் இந்த நெரிசலில் பழைய கார்களுக்குச் சோதனைதான். முள் சிவப்புக் கோட்டைத் தொடும். பானெட்டுக்குள் இருந்து குபுகுபுவென ஆவி கிளம்பும். வண்டி ஓரம் கட்டப்படும்.

இந்த ஊர் கார் பிறக்கும் ஊர். ஹூண்டாய் கம்பெனிக்கு இங்கே 1996-ல் அடிக்கல் நாட்டினார்கள். 1998-ல் சாண்ட்ரோ கார் வெளியே வந்தது. அன்று வாங்கிய சாண்ட்ரோவுக்கு இன்று வயது 25-க்கு மேல்! அதைவிட மூத்த மாருதி 800, பத்மினி, அம்பாசிடர் கார்களும் இன்னும் ரோட்டில் ஓடுகின்றன.

அப்படிப்பட்ட கார் சூடானால் பலர் சொல்லும் முதல் வார்த்தை, "கேஸ்கெட் போயிடுச்சு, ஹெட்டை இறக்கணும்" என்பது. அது பெரிய செலவு. ஆனால் பல நேரங்களில் கோளாறு ஒரு சின்ன பியூஸில் இருக்கும்! ஹெட்டை இறக்கும் முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும். "வண்டி எப்போ சூடாகுது?"

மூடியைத் திறக்காதீர்கள்!

அதற்கு முன் ஓர் எச்சரிக்கை. ஆவி வந்ததும் ரேடியேட்டர் மூடியைத் திருகுவது ஆபத்து!

தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். ரேடியேட்டருக்குள் அழுத்தம் இருப்பதால் அதையும் தாண்டிய சூட்டில்கூட கொதிக்காமல் அடங்கிக் கிடக்கும். மூடியைத் திறந்ததும் அழுத்தம் போய்விடும். அத்தனையும் ஒரே நொடியில் கொதித்து முகத்தில் பாயும். முகமும் கையும் வெந்துபோகும்.

எஞ்சினை நிறுத்துங்கள். அரை மணி நேரமாவது பொறுங்கள். ரேடியேட்டர் நன்றாக ஆறிய பிறகே மூடியில் கை வைக்க வேண்டும். கொதிக்கிற எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட்டில் விரிசல் விழக்கூடும். இல்லாத செலவை நாமே இழுத்து விட்டுக்கொள்வதாகும்.

நின்றால் மட்டும் சூடா?

இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் கார் பந்தய மைதானம் இருக்கிறது. அங்கே பாயும் காருக்கு எதிர்க்காற்றே விசிறி. நெரிசலில் நிற்கும் காருக்கு அந்தக் காற்று கிடையாது. முழுக்க முழுக்க ரேடியேட்டர் விசிறியைத்தான் நம்ப வேண்டும்.

ஆகவே ஓடும்போது சரியாக இருந்து, நின்றதும் சூடானால் முதல் சந்தேகம் விசிறி மேல்தான்.

அம்பாசிடர், பத்மினியில் விசிறியைச் சுற்றுவது பெல்ட். எஞ்சினை அணைத்துவிட்டு பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். சுமார் அரை அங்குலம் அமுங்கலாம். தொளதொளவென்று இருந்தால் அதுதான் குற்றவாளி!

மாருதி 800, சாண்ட்ரோவில் மின்சார விசிறி. முள் பாதியைத் தாண்டி ஏறியும் அது சுற்றவில்லையா? விசிறி மோட்டாருக்கு நேராக பேட்டரி கரண்ட் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சுற்றினால் மோட்டார் நல்லது. கோளாறு பியூஸ், ரிலே, சென்சார், ஒயர் இவற்றில் ஒன்றில் இருக்கிறது.

ஓடினால் சூடா?

ஊருக்குள் சரியாக இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி வேகம் எடுத்ததும் முள் ஏறுகிறது. இது விசிறிக் கோளாறு அல்ல. தண்ணீர் சரியாக ஓடவில்லை என்று அர்த்தம்.

ரேடியேட்டரில் அடைப்பு இருக்கலாம். வருஷக்கணக்கில் போர் தண்ணீர் ஊற்றியிருந்தால் டீக்கடை பாய்லரில் படிவதுபோல உள்ளே உப்பு படியும். வாட்டர் பம்ப் தேய்ந்திருக்கலாம். கீழ் ஹோஸ் பழசாகி, வேகத்தில் உள்வாங்கி ஒட்டிக்கொள்ளலாம்.

கிளம்பியதுமே சூடா?

வண்டி எடுத்த சில நிமிஷத்திலேயே முள் எகிறுகிறதா? மேல் ஹோஸ் சுடுகிறது, கீழ் ஹோஸ் சில்லென்று இருக்கிறதா? தெர்மோஸ்டாட் வால்வு மூடியபடி சிக்கியிருக்கலாம்.

அதைக் கழற்றி ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் தொங்கவிட்டு அடுப்பில் வைத்தால் உண்மை தெரிந்துவிடும். பெரும்பாலும் 82 முதல் 88 டிகிரிக்குள் வால்வு திறக்கத் தொடங்க வேண்டும். தண்ணீர் கொதித்தும் திறக்காவிட்டால் புதுசு மாட்ட வேண்டும். சிலர் அதை அடியோடு எடுத்து வீசிவிடுகிறார்கள். அது தவறு. எஞ்சின் உரிய சூட்டுக்கு வராது. பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும்.

கேஸ்கெட் எப்போது?

தரையில் ஒரு சொட்டு ஒழுக்கு இல்லை. ஆனாலும் தண்ணீர் குறைகிறது. சூடான பிறகும் புகைக் குழாயில் வெள்ளைப் புகை நிற்கவில்லை. ஆயில் பால் கலந்த காபி மாதிரி இருக்கிறது. இந்த அடையாளங்கள் சேர்ந்து தெரிந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம். அப்போது வண்டியை ஓட்டவே கூடாது.

இன்னொன்று. ஏறிக்கொண்டிருந்த முள் திடீரென்று கீழே விழுந்தால் சந்தோஷப்பட வேண்டாம்! தண்ணீர் வற்றிவிட்டால் சென்சாருக்குச் சூடு தெரியாது. உடனே எஞ்சினை அணைக்க வேண்டும்.

நெரிசலில் முள் ஏற ஆரம்பித்தால் ஏசியை நிறுத்துங்கள். ஹீட்டர் இருந்தால் முழுசாகத் திறந்து விடுங்கள். உள்ளே வேர்த்துக் கொட்டும். ஆனால் எஞ்சின் சூட்டில் கொஞ்சம் வெளியேறும். ஓரம் கட்ட இடம் கிடைக்கும் வரை அது தாங்கும்.

பட்டறைக்குப் போனதும் "வண்டி சூடாகுது" என்று மட்டும் சொல்லாதீர்கள். நிற்கும்போதா, ஓடும்போதா, கிளம்பியதுமா என்று சேர்த்துச் சொல்லுங்கள். பாதி வேலை முடிந்த மாதிரி. பாதிச் செலவும் மிச்சமாகலாம்!