அண்ணன் ஏறிய படி

படியும் பந்தயமும் – 9

கீரிப்பாறையில் ஐஸ் என்றால் அது மீன்காரர் வண்டியோடு வருவதுதான். தடிக்காரன்கோணம் வழியாக ஏறி வரும் அந்த மொபெட்டின் பின்பெட்டியில் மேலே சாளை, கீழே அயிலை, இரண்டுக்கும் நடுவே நொறுக்கின ஐஸ். வியாபாரம் முடிந்ததும் மிச்ச ஐஸைச் சாலையோரம் கொட்டுவார். பிள்ளைகள் ஓடிவந்து பொறுக்குவார்கள். இரண்டு நிமிடத்தில் கைக்குள் தண்ணீர்தான் இருக்கும்.

இப்படிப்பட்ட ஊரின் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஐஸ் ஹாக்கி பற்றிப் பேச வேண்டி வந்தது. காரணம் ஒரு கறுப்பு வட்டு. டொரண்டோவில் இருக்கும் நண்பர் ஊருக்கு வந்தபோது கொண்டுவந்து கொடுத்தது. மூன்று அங்குல விட்டம், ஒரு அங்குலக் கனம், எடை நூற்றைம்பத்தாறிலிருந்து நூற்றெழுபது கிராமுக்குள். இதைத்தான் 'பக்' என்கிறார்கள். பந்துக்குப் பதில் இதை அடித்துத்தான் கோல் போட வேண்டும்.

அரசு ரப்பர் கழகத்தில் பால்வெட்டி ஓய்வுபெற்ற மாமா ஒருவர் பக்கத்தில் இருந்தார். வட்டை வாங்கி உருட்டிப் பார்த்தார். கட்டைவிரல் நகத்தால் விளிம்பை அழுத்தினார். பிறகு மூக்கருகே கொண்டுபோனார்.

"நம்ம பாலுதான் மருமவனே. கந்தகம் போட்டு வேவிச்சிருக்கான். கரி நெறைய சேத்திருக்கு."

சரியாகத்தான் சொன்னார். பக் என்பது கந்தகத்தோடு சூடாக்கி இறுக்கிய ரப்பர். ஆட்டத்துக்கு முன் அதை உறைய வைப்பார்கள். அறைச்சூட்டில் இருந்தால் ரப்பர் தன் குணத்தைக் காட்டித் துள்ளும். உறைந்தால் அடங்கிப் பனித்தரையோடு வழுக்கிப் போகும். இதைச் சொன்னதும் மாமா சிரித்துவிட்டார். ரப்பருக்குத் துள்ளக்கூடாது என்று சொல்லிக்கொடுக்கிற ஊரும் இருக்கிறதா என்று கேட்டார்.

இந்த வாரக் கதை அந்த வட்டை வைத்து ஆடும் இருபது வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டி. கனடா, அமெரிக்கா, சுவீடன் ஆடும் மேல்மாடியைப் பற்றி எழுத ஆள் நிறைய உண்டு. நான் எழுத வந்தது மாடிப்படியைப் பற்றி.

மேல் பிரிவில் 10 நாடுகள். அதற்குக் கீழே முதல் டிவிஷன், அதில் ஏ, பி என்று இரண்டு அடுக்கு, ஒவ்வொன்றிலும் ஆறு நாடுகள். அதற்கும் கீழே இரண்டாம் டிவிஷன், அங்கும் அதே ஏ, பி. எல்லாவற்றுக்கும் அடியில் மூன்றாம் டிவிஷன். ஐஸ்லாந்து, மெக்சிகோ, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா போன்ற நாடுகள் புழங்கிய இடம் அது. முதல், இரண்டாம் டிவிஷன்களின் ஒவ்வோர் அடுக்கிலும் ஆறு நாடுகள் ஒரே ஊரில் கூடி, ஒரு வாரத்துக்குள் ஆளுக்கு ஐந்து ஆட்டம் ஆடும். முதலிடம் வந்தவர் அடுத்த ஆண்டு ஒரு படி மேலே. கடைசி வந்தவர் ஒரு படி கீழே. அவ்வளவுதான் சட்டம்.

புள்ளிக்கணக்கு கொஞ்சம் நுணுக்கமானது. முழு நேரத்தில் வென்றால் 3, கூடுதல் நேரத்தில் வென்றால் 2. கூடுதல் நேரம்வரை இழுத்துக்கொண்டுபோய்த் தோற்றவருக்கும் 1 உண்டு. இரண்டு அணிகள் சமப்புள்ளியில் நின்றால் கோல் கணக்கை எடுப்பதற்கு முன், இருவரும் மோதிய ஆட்டத்தில் யார் வென்றார் என்றுதான் பார்ப்பார்கள். அதனால் கடைசி இடத்துக்கான ஆட்டம் என்பது பெரும்பாலும் கடைசி நாளில், யாரும் வாங்காத டிக்கெட்டோடு, அப்பா அம்மாக்கள் மட்டும் உட்கார்ந்திருக்கும் அரங்கில் நடக்கும். தங்கப்பதக்க ஆட்டத்தைவிட அதில்தான் கை நடுங்கும் என்பது என் எண்ணம். தங்கம் தவறினால் வெள்ளியாவது கிடைக்கும். படி தவறினால் கையில் ஒன்றும் இல்லை.

மேல் பிரிவிலும் இறக்கம் உண்டு. கால் இறுதிக்குப் போகாத இரண்டு அணிகள் தங்களுக்குள் ஆடித் தீர்த்துக்கொள்ள வேண்டும். 2024-இல் சுவீடனின் கோத்தன்பர்க்கில் நார்வே இறங்கியது. 2025-இல் ஒட்டாவாவில் கசகஸ்தான் இறங்கியது. இரண்டுமே முந்தைய ஆண்டுதான் கீழிருந்து ஏறி வந்தவை. இரண்டு தடவையும் எதிரே நின்று தப்பித்தது ஜெர்மனி. ஏறிய மூச்சு அடங்குவதற்குள் இறங்கிய கதை.

நம் வாசகருக்கு இறக்கம் என்பது பழக்கமில்லாத சங்கதி அல்ல. சென்னை லீக் கிரிக்கெட்டில் பாளையம்பட்டி ராஜா கேடயத்துக்கு ஆடும் முதல் டிவிஷனுக்குக் கீழே அடுக்கடுக்காக டிவிஷன்கள் இருக்கின்றன. ஐந்தாம் டிவிஷனில் ஆடுபவர் அலுவலகத்தில் பர்மிஷன் போட்டுவிட்டுத்தான் மைதானத்துக்கு வருவார். ஆனால் டி.வி.யில் நாம் பார்ப்பது வேறு உலகம். 2025 ஐ.பி.எல்.லில் சென்னை சூப்பர் கிங்ஸ் 14 ஆட்டத்தில் நான்கை மட்டும் வென்று, வரலாற்றில் முதன்முறையாகப் பத்தாம் இடத்தில் முடித்தது. அதற்குக் கீழே ஒரு டிவிஷன் இருந்திருந்தால் அடுத்த ஆண்டு மஞ்சள் சட்டையை அங்கே போய்த்தான் பார்க்க வேண்டும். இல்லை. கடைசி வந்ததற்கு மீம்ஸ்தான் தண்டனை. அதே ஆண்டு ஜூனில் இந்தியப் பெண்கள் ஹாக்கி அணி புரோ லீக்கில் கடைசி வந்தது. அவர்களுக்கு மன்னிப்பு கிடைக்கவில்லை, நேஷன்ஸ் கப்புக்கு இறக்கப்பட்டார்கள்.

இதையெல்லாம் மாமாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது அவர் ஒரு கேள்வி கேட்டார். நான் இந்த விஷயத்தை வாசிக்கத் தொடங்கிப் பல மாதம் கழித்துத்தான் எனக்குத் தோன்றிய கேள்வி. அவருக்கு ஒரு டீ முடிவதற்குள் தோன்றிவிட்டது.

"இருவது வயசுக்குள்ளதான ஆடணும்? அப்பம் இந்த வருசம் ஏறின பய அடுத்த வருசம் இருக்க மாட்டானே?"

அதேதான். வயது வரம்புள்ள போட்டியில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் அர்த்தமே வேறு. பெரியவர்கள் அணியில் ஏறியவனே போய் மேலே ஆடுவான். இறங்கியவனே போய்க் கீழே ஆடுவான். இங்கே பத்தொன்பது வயதுப் பையன் ஐந்து ஆட்டம் உயிரைக் கொடுத்து ஆடி நாட்டை ஒரு படி ஏற்றுகிறான். பரிசுக் கோப்பையைத் தூக்கிப் படம் எடுத்துக்கொள்கிறான். அதோடு அவனுக்கு வயது முடிந்தது. அவன் வாங்கிக்கொடுத்த மேல்படியில் அடுத்த ஆண்டு போய் நிற்பவன் அவனைவிட ஒன்றிரண்டு வயது இளையவன். அங்கே அடிவாங்குபவனும் அந்த இளையவனே. இறக்கமும் அப்படித்தான்: அண்ணன் வைத்த கடனைத் தம்பி கீழ் டிவிஷனில் போய் அடைக்கிறான்.

ரப்பர் தோட்டத்துக்காரருக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. கன்று நட்டவுடன் பால் வராது. தரையிலிருந்து ஒன்றேகால் மீட்டர் உயரத்தில் மரத்தின் சுற்றளவு 50 சென்டிமீட்டர் ஆக வேண்டும். அதற்கு ஏழு வருடம் போல ஆகும். குழி வெட்டி நட்டவர் ஒருவர், கத்தி வைப்பவர் இன்னொருவர், பட்டை தேய்ந்து மரத்தை முறிக்கும்போது நிற்பவர் மூன்றாமவர். மாமா தாம் வெட்டிய பிளாக்கின் மரங்களை நட்டது யார் என்று பெயரோடு சொல்வார். அவரை நேரில் பார்த்ததில்லையாம்.

மறுபடி ஐஸ் ஹாக்கிக்கு வருவோம். 2020 இலையுதிர் காலத்தில் கொரோனாவைக் காரணம் காட்டி 2021-க்கான கீழ் டிவிஷன்கள் அத்தனையையும் ரத்து செய்தார்கள். மேல் பிரிவு மட்டும் எட்மன்டனில் பார்வையாளர் இல்லாத அரங்கில் நடந்தது. அந்த ஆண்டு இறக்கம் கிடையாது என்றார்கள். பத்திரிகைகளில் இது ஒரு வரிச் செய்தி. ஆனால் அந்த வருடம் பத்தொன்பது முடிந்த ஐஸ்லாந்துப் பையனுக்கு மறு வாய்ப்பு இல்லை. மூன்றாம் டிவிஷன் நாடுகளில் பலவற்றில் விமானச் செலவைக்கூட வீட்டாரே பார்த்துக்கொள்வது வழக்கம். அப்படிச் சேர்த்த பணம் மிஞ்சியது, வயது மிஞ்சவில்லை.

சில சமயம் ஏணி தானாகவே கீழே இறங்கி வந்து ஆளைத் தூக்கிக்கொள்ளும். 2022-இல் உக்ரைன் போரையொட்டி ரஷ்யாவை விலக்கினார்கள். காலி இடத்துக்கு லாட்வியாவை அழைத்தார்கள். ஆகஸ்ட் மாதம், கோடை விடுமுறையில், எட்மன்டனில் நடந்த அந்தப் போட்டியில் லாட்வியா தன் வரலாற்றில் முதன்முறையாகக் கால் இறுதிவரை போனது.

படி இல்லாமல் எல்லாரையும் ஒரே தரையில் இறக்கிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆசியாவிலேயே சாட்சி உண்டு. 1998-இல் ஆசிய-ஓசியானிய பதினெட்டு வயதுக்குட்பட்டோர் போட்டி. தென்கொரியா 92, தாய்லாந்து 0. ஆட்டம் 60 நிமிடம். கணக்குப் போட்டால் 39 விநாடிக்கு ஒரு கோல். ஒரே பையன், சோங் டோங்-ஹ்வான், 31 கோல் போட்டான். தாய்லாந்துக் கோல்கீப்பரின் பெயரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. எனக்கு அவன்மேல்தான் அக்கறை. மறுபடி மறுபடி வலைக்குள் குனிந்து அந்த வட்டை எடுத்துக் கொடுத்தவன். அதே தாய்லாந்தின் ஆண்கள் அணி இன்று உலகச் சாம்பியன்ஷிப்பின் கீழ்ப் பிரிவுகளில் தன் அளவுக்கு ஒத்தவர்களோடு ஆடுகிறது. வெல்கிறது, தோற்கிறது.

நம் ஊரிலேயே சின்ன அளவில் பார்த்தோம். 2025 நவம்பரில் மதுரையில் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி, புல்தரை ஹாக்கிதான். பாகிஸ்தான் விலகியதால் ஓமனை அழைத்தார்கள். லாட்வியாவுக்கு வந்த அதே மாதிரி அழைப்பு. இந்தியா 17, ஓமன் 0. மதுரைக்காரர்கள் ஒவ்வொரு கோலுக்கும் கை தட்டினார்கள். ஓமன் பையன்கள் ஆடியதும் உலகக் கோப்பைதான்.

இனி நம் கணக்கு. இந்தியா 1989-லிருந்து சர்வதேச ஐஸ் ஹாக்கி சம்மேளனத்தில் உறுப்பு நாடு. 2009-இல் அபுதாபியில் முதல் சர்வதேச ஆட்டம். பெண்கள் அணி 2017-இல் பாங்காக்கில் பிலிப்பைன்ஸை 4–3 என வென்று முதல் வெற்றி கண்டது; 2025-இல் அல் ஐன் நகரில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலம். ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் லடாக்கிலிருந்து வருகிறவர்கள். 3,500 மீட்டர் உயரத்தில், டிசம்பர் கடைசியிலிருந்து இரண்டு மாதம் போலக் குளம் உறையும். அதற்குள் கற்றுக்கொண்டால் உண்டு. இரவில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றித் தரையைச் சமப்படுத்துவதும் ஆடுகிற பிள்ளைகளே. 2011-இல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்காக டேராடூனில் முழு அளவு அரங்கு ஒன்று கட்டினார்கள். போட்டி முடிந்ததும் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்து, அண்மையில்தான் மறுபடி திறந்தது. பனியை உறையவைத்தே வைத்திருக்கும் கரண்ட் பில்லை யார் கட்டுவது என்பதில் இந்த விளையாட்டின் பாதி அரசியல் அடங்கிவிடும். வருடம் முழுக்கப் பயிற்சி எடுக்கத் தரை இல்லாத நாடு மூன்றாம் டிவிஷன் வாசலுக்கே போக முடியாது. அந்த 10, 6, 6, 6, 6 என்ற அடுக்குகளிலும் இல்லை, அதற்கடியில் இருக்கும் கடைசி அடுக்கிலும் நம் பெயர் இல்லை.

மாமாவிடம் அதைத்தான் சொன்னேன்.

"அப்பம் நம்மள யாரும் எறக்கவும் முடியாது," என்றார். நக்கலா ஆறுதலா என்று கண்டுபிடிக்க முடியாத முகம்.

அதற்குள் மீன்காரர் வந்துவிட்டார். மாமா எழுந்துபோய் வட்டை அவர் பெட்டிக்குள், ஐஸுக்கு அடியில் புதைத்துவிட்டு வந்தார். மீன்காரர் தலையில் அடித்துக்கொண்டார். கால் மணி நேரம் கழித்து எடுத்து, கடைவாசல் சிமென்ட் தரையில் இரண்டு பேரும் மாறி மாறிப் போட்டுப் பார்த்தோம். துள்ளல் கொஞ்சம் குறைந்திருந்தது. சாளை வாசம் மட்டும் இன்னும் போகவில்லை.