போர்வை வாங்கலாம், வடிவம்?

ஆங்கில எழுத்து 26-க்கும் யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. ஆனாலும் ஏ முதல் இசட் வரை தைத்த ஒரு குவில்ட் போர்வையைக் காப்பியடித்ததற்காக, ஓர் இறக்குமதி நிறுவனம் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றது. வழக்கில் சிக்கிய போர்வைகள் இந்தியாவில் தயாரானவை.

ஜூடி பாய்சன் என்ற வடிவமைப்பாளர் 1991-ல் உருவாக்கிய குவில்ட் அது. வரிசைக்கு ஐந்தாக ஆறு வரிசை, மொத்தம் 30 கட்டம். எழுத்துகள் போக, கடைசி வரிசையில் மிஞ்சிய நான்கில் படங்கள்: நிலாவைத் தாண்டும் பசு, பாய்மரப் படகு, கரடி, நட்சத்திரம். இறக்குமதி செய்த பானியன் நிறுவனத்தின் பச்சைப் போர்வைகளிலும் அதே கட்டம், அதே படங்கள், அதே கடைசி வரிசை. எழுத்து பொதுச்சொத்துதானே என்று கீழ்க்கோர்ட்டு தள்ளுபடி செய்துவிட்டது. 2001-ல் மேல்கோர்ட்டு அதை ஏற்கவில்லை. எழுத்து பொதுதான், அதை எப்படி அடுக்குவது, எந்த நிறத்தை எதன் பக்கத்தில் வைப்பது என்று முடிவு செய்தது பாய்சனின் சொந்த வேலை என்றது. சுவாரசியம் என்னவென்றால், அதே நிறுவனத்தின் நீலப் போர்வை தப்பித்துக்கொண்டது. அதில் கரடி ‘ஏ’க்குப் பக்கத்திலும் பசு ‘எல்’லுக்குப் பக்கத்திலும் இருந்தன; நிறமும் வேறு. படங்களைப் பார்த்தால் சந்தேகம் வரத்தான் செய்யும். ஆனால் சந்தேகம் மட்டும் போதாதே.

‘லாக் கேபின்’ போன்ற பழைய கட்ட வடிவங்களுக்கும் இதே கணக்குதான். யாரும் தைக்கலாம், இன்னொருவர் அதை வைத்துக் கட்டிய முழு அமைப்பை அப்படியே எடுக்கக் கூடாது.

சரி, காசு கொடுத்து வாங்கிய பொருள் என்றால்? ஓவியர் ஃபெய்த் ரிங்கோல்டின் கதைக் குவில்ட் ஒன்றை அட்லாண்டாவின் ஹை அருங்காட்சியகம் போஸ்டராக விற்றது. ஒரு தொலைக்காட்சித் தொடரின் செட்டில் அதை மாட்டினார்கள். ஒன்பது காட்சிகளில் மொத்தம் 26.75 விநாடிதான் தெரிந்தது. அனுமதி தேவையில்லாத ‘நியாயமான பயன்பாடு’ இது என்று தொலைக்காட்சித் தரப்புக்குச் சாதகமாக வந்த தீர்ப்பை 1997-ல் மேல்கோர்ட்டு ரத்து செய்தது. போஸ்டரை வாங்கியவருக்குச் சுவரில் மாட்டிக்கொள்ளும் உரிமை உண்டு. படைப்பாளியைக் கேட்காமல் அதையே நாடகத்துக்கு அலங்காரமாக்கும் உரிமை அந்த விலையில் அடங்காது.

இந்தியாவில் தைத்து விற்பவர்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி, வடிவமைப்புச் சட்டத்தில் பதியத் தகுந்த ஒரு வடிவத்தைப் பதியாமல் விட்டு, தொழில்முறையில் 50 முறைக்கு மேல் நகலெடுத்துத் தயாரித்துவிட்டால் அதன் பதிப்புரிமையே போய்விடும். ஏற்றுமதி ஆர்டர் ஒன்றுக்கு 50 என்பது எந்த மூலைக்கு! பதிந்தால் பத்து ஆண்டு பாதுகாப்பு, மேலும் ஐந்து ஆண்டு நீட்டிக்கலாம். கொல்கத்தாவில் உள்ள வடிவமைப்புப் பிரிவு பதிவு செய்கிறது. சரக்கைக் கடையில் வைத்து விற்றுவிட்டு, நன்றாகப் போகிறதே என்று பிறகு விண்ணப்பித்தால், வடிவம் புதியதல்ல என்று மறுத்துவிடுவார்கள்.