தானே பூட்டிக்கொள்ளும் கடிகாரம்

சென்ற கோடை விடுமுறையில் எம் அயல்வீட்டு அம்மையார் ஒருவர் எம்மை அழைத்துத் தம் இடக்கையை நீட்டி, "தம்பி, இந்தக் கடிகாரத்துக்கு என்மேல் என்ன பகையோ தெரியவில்லை. நான் கழற்றாமல் இருக்கும்போதே கழற்றிவிட்டேன் என்கிறது" என்றார். எழுபதாண்டு கடந்த மூதாட்டியார் அவர். வெளியூரில் உத்தியோகம் பார்க்கும் அவர் மகனார், தாயின் நாடித்துடிப்பை இடைவிடாது கவனிக்கும் என்றெண்ணி அக்கடிகாரத்தை வாங்கி அனுப்பியிருந்தார். அதுவோ ஒரு நாளிற் பலமுறை தானே பூட்டிக்கொண்டு, நான்கு இலக்கமுள்ள கடவெண்ணைக் கேட்டது. மூக்குக்கண்ணாடி இன்றிச் செய்தித்தாளின் தலைப்பையும் படிக்கமாட்டாத அவர், அரையணா அகலமுள்ள முகப்பில் எண்களைத் தேடித் தேடித் தொடுவது கண்டு யாம் இரங்கினோம். தம் கை மெலிந்து போனதே குற்றமென்று அவர் தம்மையே நொந்துகொண்டதுதான் எமக்கு மிகவும் வருத்தந் தந்தது. அக்குற்றம் அவருடையதன்று என்பதைக் காட்டவே இதனை எழுதப் புகுந்தோம்.

ஸ்மார்ட்வாட்ச் என வழங்கும் இத்திறன் கடிகாரம் நேரங் காட்டுவதோடு அமைவதன்று. நமக்கு வருஞ் செய்திகளைக் காட்டும். சில நாடுகளிற் கடைக்காரருக்குப் பணமுஞ் செலுத்தும். முகக்கவசம் அணிந்தாரை ஐபோன் அறிய மாட்டாது திகைத்த தொற்றுநோய்க் காலத்தில், கையிலுள்ள ஆப்பிள் கடிகாரமே அதனைத் திறந்துகொடுக்கும் ஏற்பாடு 2021-ஆம் ஆண்டில் வந்தது. இத்துணை உரிமை பெற்ற பொருள் கள்வர் கையிற் சிக்கின் என்னாகும்? ஆதலின் அதற்குப் பூட்டு வேண்டும். ஆயின் அச்சிறு முகப்பில் மணிக்கொரு முறை கடவெண் இடுவது யாவர்க்கும் தொல்லையே. இவ்விரண்டிற்கும் இடையே செய்தோர் கண்ட வழி இது: காலையிற் கட்டும்போது ஒருமுறை கடவெண் இடுக; கையை விட்டு நீங்கும் வரையிற் கடிகாரம் நம்மை நம்பும்; நீங்கிய சிறிது நேரத்தில் தானே பூட்டிக்கொள்ளும். நல்ல ஏற்பாடே, யாம் அதனைப் பழித்தோமல்லோம். ஆனால் தான் கையில் இருப்பதைக் கடிகாரம் எங்ஙனம் அறியும் என்ற ஒரு வினாவின்மேலேயே அனைத்தும் நிற்கின்றது.

கடிகாரத்தின் அடிப்புறத்தை நோக்கினால் அங்கே பச்சை ஒளி மின்னக் காணலாம். குருதி செந்நிறமாய்த் தோன்றுவது அது செவ்வொளியைத் திருப்பிவிட்டுப் பச்சை ஒளியை உட்கொள்வதனாலன்றோ? இதயம் துடிக்குந்தோறும் மணிக்கட்டின் நுண்குழல்களிற் குருதி மிகும். அப்போது பச்சை ஒளி மிகுதியாக உண்ணப்பட்டு, மீள்வது குறையும். துடிப்பிற்கும் துடிப்பிற்கும் இடையில் மீள்வது பெருகும். இவ்வேற்றத் தாழ்வை எண்ணியே நாடி கணிக்கப்படுகின்றது. கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளியையும் இத்தகைய வேலைக்குப் பயன்படுத்துவர். மீளும் ஒளி தோலின் ஒளியாகவும் துடிப்புள்ளதாகவும் இருப்பின், கையில் இருக்கின்றேன் என்று கடிகாரம் தெளியும். அவ்வாறின்றேல் கழற்றிவிட்டார் என்று துணிந்து பூட்டிக்கொள்ளும். தருக்க நூல் கற்றார்க்கு இதன் பிழை எளிதிற் புலனாகும். புகை கண்டு நெருப்புண்டென அனுமானித்தல் தகும். புகை காணாமையால் நெருப்பில்லை எனத் துணிதல் தகுமோ? பழுக்கக் காய்ந்த இரும்பிற் புகையில்லை, நெருப்புண்டு. நம் கடிகாரமோ ஒளி மீளாத இடமெல்லாம் கையில்லாத இடமென்றே கொள்கின்றது.

ஒளி மீளாமைக்கு முதற்காரணம் வார் நெகிழ்தல். சுண்டுவிரற் பக்கத்தில் மணிக்கட்டின் மேற்புறத்தே புடைத்துள்ள எலும்பின்மீது கடிகாரம் ஏறி நின்றால், ஒரு பக்கம் தோலைத் தொட மறுபக்கம் தூக்கி நிற்கும். அவ்விடைவெளியில் வெயிலும் விளக்கொளியும் புகுந்து கணக்கைக் கெடுக்கும். எலும்பிற்கு ஒரு விரலளவு முழங்கைப் பக்கமாகக் கட்டுவோர்க்கு இத்தொல்லை குறைவு. ஆயினும் வாரின் துளைகள் செய்யும் கொடுமை ஒன்றுண்டு. ஒரு துளையில் இட்டால் வார் தளரும். அடுத்த துளையில் இட்டால் இறுகும். நம் கைக்கு வேண்டிய அளவோ அவ்விரண்டிற்கும் நடுவே துளையில்லாத இடத்தில் இருக்கும்! மேலும் கை நாள் முழுதும் ஓரளவினதாய் இருப்பதன்று. வெப்பத்தாற் சிறிது பருக்கும், குளிரிற் சுருங்கும். காலையில் அளவாயிருந்த வார் நண்பகலில் அழுத்துவதும், வியர்வை தேங்கித் தோல் தடித்து அரிப்பதும் இதனாலேயாம். துளையின்றி ஒட்டிப் பிரிக்கும் துணிவாரும், நீண்டு சுருங்கும் பின்னல் வாரும் மெல்லிய கையினர்க்குப் பெரிதும் உதவுவன என்பது எம் கருத்து.

அம்மையார்க்கு அத்தகைய துணிவார் ஒன்றை வாங்கிக் கட்டினோம். அன்று மாலையே மீண்டும் பூட்டிக்கொண்டது. சிறிது இறுக்கினோம், தோலிற் பள்ளம் விழுந்தது, பூட்டு விடவில்லை. அவர் கடிகாரத்தைக் கழற்றி எம் கையிற் கொடுத்தபோதுதான் உண்மை தெரிந்தது. அது மறைத்திருந்த இடத்தில், இளமையிற் குத்திக்கொண்ட பச்சைக் கோலம் ஒன்று அடர்ந்து கிடந்தது. பெயர் பச்சையாயினும் குத்தும் மையிற் கரி உண்டு. கரி எவ்வொளியையும் விழுங்கும். குருதியைச் சென்று காணவேண்டிய ஒளி வாயிலிலேயே மடிந்து போயிற்று.

இது புதுமையுமன்று. ஆப்பிள் கடிகாரம் 2015-ஆம் ஆண்டு ஏப்பிரலில் விற்பனைக்கு வந்த சில நாட்களிலேயே, கையிற் பச்சை குத்திய மேனாட்டார் பலர் இதே முறையீட்டை எழுப்பினர். பச்சையின் மையும் கோலமும் அடர்த்தியும் ஒளியைத் தடுக்கக்கூடும் என அந்நிறுவனத்தாரும் தம் வாடிக்கையாளர்க்கு அறிவித்தனர். அம்மையாரது கடிகாரம் வேறு நிறுவனத்தது; இயல் ஒன்றே. பச்சை குத்திய கைகள் உலகில் அரியன அல்லவே, அவற்றை முன்னரே நினைந்திருக்கலாகாதா என்று கேட்க நமக்கும் உரிமையுண்டு.

பூட்டையே நீக்கிவிடலாம் என்று உறவினர் ஒருவர் கூறினார். அமைப்புகளுட் சென்று, கையில் உள்ளதா என நோக்கும் உணர்ச்சியை அணைத்துவிட்டாற் கடிகாரம் பின் ஒன்றுங் கேளாது. உண்மையே. ஆயின் அதனை அணைத்தவுடன், பல கடிகாரங்களில், நாடியை இடையறாது கவனிக்கும் வேலையுங் குன்றும் அல்லது நிற்கும். மகனார் எதன்பொருட்டு அதனை அனுப்பினாரோ அதுவே போய்விடும். கேள்வி கேளாத வெறும் வளையல் ஒன்று எஞ்சும். அம்மையார் இதனைக் கேட்டு, "அப்படியானால் கேட்கட்டும்" என்றார்.

பின்னர்க் கடிகாரத்தை அவருடைய வலக்கைக்கு மாற்றினோம். அக்கையிற் பச்சை இல்லை. கை மாறியதைக் கடிகாரத்திற்கும் அறிவிக்க வேண்டும். அதற்கென அமைப்புகளில் ஓரிடம் உளது. அவருடைய தொலைபேசியைத் திறந்தாற் கடிகாரமும் உடன் திறக்குமாறு செய்து, சிற்றெண்களைத் தேடும் துன்பத்தையும் நீக்கினோம். அன்று முதல் காரணமின்றி அது பூட்டிக்கொள்ளவில்லை. ஆனால் வலக்கையால் உண்பவராதலின், சோற்றுக்கு முன் அதனைக் கழற்றி அலமாரியில் வைத்து, கை கழுவித் துடைத்த பின்னரே மீண்டும் அணிகின்றார். அப்போதெல்லாம் அது முறைப்படி பூட்டிக்கொண்டிருக்கின்றது. "இப்போது கழற்றினால்தான் கழற்றினேன் என்கிறது" என்று எம்மிடஞ் சொல்லிச் சிரித்தார்.