ஆமையைக் காண எந்தக் கரையில் இறங்குவது?

பயண அட்டை பெறவும் வெளிநாட்டுப் பயணக் காப்பீடு குறித்து விசாரிக்கவும் வங்கிக் கிளைகளுக்கு வரும் மூத்த வாடிக்கையாளர்களிடம் அண்மைக் காலமாக ஒரு செய்தியை அடிக்கடி கேட்கிறோம். அமெரிக்காவில் பணிபுரியும் மகளோ மகனோ பெற்றோரை அழைத்திருக்கிறார்கள். கூடவே கரீபியன் கடலில் ஏழு நாள் கப்பற்பயணத்துக்கும் முன்பதிவு செய்திருக்கிறார்கள். அவ்வாறு வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், படிவங்களில் கையொப்பமிட்டு முடித்தபின் தயக்கத்துடன் ஒன்று கேட்டார். பேரனுக்குக் கடலாமையுடன் நீந்த வேண்டுமாம்; கப்பல் செயின்ட் தாமஸ் தீவில் காலை எட்டு மணி முதல் மாலை ஐந்து மணி வரை நிற்குமாம்; அங்கே எந்தக் கடற்கரைக்குச் செல்வது என்பதே அவர் கேள்வி.

இது வங்கியில் கேட்கத்தக்க கேள்வியன்று எனச் சிலர் நினைக்கலாம். ஆனால் தவறான கரையைத் தேர்ந்தெடுப்பவர் பணத்தை இழப்பார். கப்பலையே தவறவிடவும் கூடும். ஆகவே அக்கேள்விக்குரிய விடையைச் சற்று விரிவாகவே இங்கு எழுதுகிறோம்.

முதலில் ஓர் அடிப்படையைத் தெரிந்துகொள்வது நலம். விளம்பரப் படங்களில் காணும் அழகிய கடற்கரை வேறு, ஆமை வாழும் கடற்கரை வேறு. கரீபியன் கடலின் ஆழமற்ற விரிகுடாக்களில் நாம் காணக்கூடியவை பெரும்பாலும் இரண்டு இனங்கள். ஒன்று பேராமை, மற்றொன்று அழுங்காமை. வளர்ந்த பேராமை பெரும்பாலும் தாவர உணவையே உண்பது. கடலடியில் புல்வெளி போலப் பரந்திருக்கும் கடற்புல்லே அதன் மேய்ச்சல் நிலம். அங்குள்ளோர் அப்புல்லின் ஒரு வகையை ஆமைப்புல் என்றே அழைக்கின்றனர். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப மேய்ந்து, புதிதாய்த் துளிர்க்கும் இளம் புல்லைத் தின்பது பேராமையின் வழக்கம். எனவே ஒரு விரிகுடாவில் இன்று மேயும் ஆமையை நாளையும் ஏறத்தாழ அதே இடத்தில் காணலாம். அழுங்காமையோ பவளப்பாறைகளின் இடுக்குகளில் கடற்பஞ்சுகளைத் தேடித் தின்பது. ஓட்டின் அழகுக்காக நெடுங்காலம் வேட்டையாடப்பட்டு, இன்று மிக அருகிவிட்ட இனம். அதைக் காண்பது நற்பேறு. அதை எதிர்பார்த்துத் திட்டமிடுதல் இயலாது. ஆகவே தேட வேண்டியது கடற்புல் உள்ள, அலை குறைந்த, ஆழமற்ற விரிகுடாவை. வெண்மணல் மட்டுமே தெரியும் பளிங்கு நீர் கண்ணுக்கு இனிது. ஆனால் அங்கே ஆமைக்கு உணவில்லை.

இரண்டாவது, காற்று. கரீபியன் தீவுகளில் ஆண்டின் பெரும்பகுதி கிழக்கிலிருந்தே காற்று வீசுகிறது. அதனால் மேற்குக் கரைகள் பொதுவாக அமைதியாக இருக்கும். கிழக்குக் கரைகளில் அலை மோதும். 2011ஆம் ஆண்டு முதல் சர்காசம் என்னும் பழுப்புநிறக் கடற்பாசி பெருமளவில் மிதந்து வந்து ஒதுங்குவதும் பெரும்பாலும் காற்றை எதிர்நோக்கிய கரைகளில்தான். குளிர்காலத்தில் மட்டும் வட அட்லாண்டிக் புயல்களால் எழும் அலைகள் வடக்குக் கரைகளை வந்தடைவதுண்டு. அந்நாட்களில் அமைதிக்குப் பெயர்பெற்ற வடகரை விரிகுடாவும் கலங்கிவிடும். கலங்கிய நீரில் ஆமை பத்தடித் தொலைவில் இருந்தாலும் தெரியாது.

இனி ஆசிரியரின் செயின்ட் தாமஸுக்கு வருவோம். செயின்ட் தாமஸ், செயின்ட் ஜான், செயின்ட் குரோய் ஆகிய தீவுகளை டென்மார்க்கிடமிருந்து 1917இல் இரண்டரைக் கோடி டாலர் பொன்னாகக் கொடுத்து அமெரிக்கா வாங்கியது. வங்கி இதழ் என்பதால் இவ்விலையைக் குறிப்பிடாமல் நகர மனம் வரவில்லை. இன்றும் அங்கே வாகனங்கள் நம் நாட்டைப் போலச் சாலையின் இடப்புறமே செல்கின்றன. நாணயம் அமெரிக்க டாலர்.

ஆமை காண்பதற்கென்று பலரும் முதலில் சொல்வது அடுத்த தீவான செயின்ட் ஜானின் மாஹோ விரிகுடாவை. 1956இல் நிறுவப்பட்ட தேசியப் பூங்காவுக்குள் அது அமைந்திருக்கிறது. சாலையை விட்டு இறங்கினால் மணல். மணலை விட்டு இறங்கினால் இடுப்பளவு நீர். சற்றே நடந்தால் கடற்புல். பாறையில் கால் இடறும் அச்சம் இல்லை; நீச்சலில் தேர்ச்சியில்லாதவரும் மிதவை அங்கி அணிந்து நிம்மதியாய்க் குனிந்து நோக்கலாம். காலையிலும் மாலையிலும் ஆமைகள் மிகுதியாக மேயும். அதே தீவின் டிரங்க் விரிகுடா புகழில் மாஹோவை விஞ்சியது. நீருக்கடியில் விளக்கப் பலகைகள் பதித்த பாதையும் அங்குண்டு. ஆனால் அது பவளப்பாறையையும் மீன்களையும் காண்பதற்குரிய இடம். ஆமைக்காகச் செல்பவர் அங்கே இறங்கிவிட்டு ஏமாறுவதுண்டு.

மாஹோவின் குறை தொலைவு. கப்பல் நிற்கும் ஹேவன்சைட் துறையிலிருந்து தீவின் கிழக்கு முனையிலுள்ள ரெட் ஹூக் வரை வாடகை வண்டியில் அரை மணி நேரத்துக்கு மேல். அங்கிருந்து படகில் ஏறத்தாழ இருபது நிமிடம். குரூஸ் பே என்னும் ஊரில் இறங்கி மீண்டும் வண்டியில் மலைப்பாதை வழியே மாஹோ. படகுக்குக் காத்திருப்பதையும் சேர்த்தால் கப்பலை விட்டு இறங்கியதிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகிவிடும். திரும்புவதற்கும் அவ்வளவே. ஐந்து மணிக்குப் புறப்படும் கப்பலில் நாலரை மணிக்குள் ஏறியிருக்க வேண்டும். எதிர்பாராத தாமதத்துக்கென்று ஒரு மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். மிஞ்சுவது நண்பகலை ஒட்டிய மூன்றரை மணி நேரம். அதுவும் ஆமைகள் சற்று ஓய்ந்திருக்கும் நேரம். கப்பல் இரவு வரை நின்றால் மாஹோவுக்குச் செல்க என்போம். ஐந்து மணிக்கே புறப்படுமாயின் தயங்குவோம்.

அவ்வளவாகப் பேசப்படாத இடம் ஒன்று செயின்ட் தாமஸிலேயே இருக்கிறது. தீவின் தென்மேற்கில், விமான நிலையத்தையும் பல்கலைக்கழகத்தையும் அடுத்துள்ள புரூவர்ஸ் விரிகுடா அது. மேற்கு நோக்கியது; அமைதியானது; கடற்புல் நிறைந்தது. இளம் பேராமைகள் அங்கே தங்கி வளர்வதால் பல்கலைக்கழக ஆய்வாளர்களே அவற்றைப் பின்தொடர்ந்து ஆராய்ந்து வருகின்றனர். கிரௌன் பே துறையில் கப்பல் நின்றால் வண்டியில் பத்து நிமிடப் பயணம். ஹேவன்சைட் துறையிலிருந்து சற்றுக் கூடுதல். வசதிகள் குறைவு என்பது உண்மை. முகக்கண்ணாடியும் மூச்சுக்குழலும் அங்கே வாடகைக்குக் கிடைக்கும் என்று நம்பிச் செல்லலாகாது. கையோடு கொண்டு செல்ல வேண்டும். திரும்பும் வண்டியையும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். ஆயினும் படகு மாறும் பதற்றமின்றி ஒரு முழுக் காலைப் பொழுதை ஆமைகளின் அருகே கழிக்கலாம் என்பதால், ஆசிரியர் குடும்பத்துக்கு நாம் பரிந்துரைத்தது இதையே.

பாய்மரப் படகில் பக் ஐலண்டு என்னும் சிறு தீவின் ஆமைத் துறைக்கு அழைத்துச் செல்லும் சுற்றுலாவும் உண்டு. உபகரணங்களும் வழிகாட்டியும் படகிலேயே கிடைப்பதால் முதன்முறை செல்வோருக்கு அது எளிது. நீரில் இறங்க விரும்பாத பாட்டி படகிலேயே அமர்ந்திருக்கலாம். ஆனால் அங்கே ஆழ்நீரில் நேரே இறங்க வேண்டும் என்பதை நீச்சல் அறியாதோர் மனத்தில் கொள்ள வேண்டும்.

பெயர்க் குழப்பத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். செயின்ட் குரோய் தீவுக்கு அருகிலும் ஒரு பக் ஐலண்டு உண்டு, அது வேறு. சின்ட் மார்ட்டன் தீவிலும் ஒரு மாஹோ கடற்கரை உண்டு. அங்கே தலையை உரசுவதுபோல் தாழப் பறந்து இறங்கும் விமானங்களைக் காணவே கூட்டம் கூடுகிறது. இணையத்தில் முன்பதிவு செய்யும்போது தீவின் பெயரை இருமுறை சரிபார்ப்பது நன்று.

கப்பல் பார்படாஸில் நிற்குமாயின் தேர்வு எளிது. பிரிட்ஜ்டவுன் துறைமுகத்திலிருந்து சிறிது தொலைவிலேயே கார்லைல் விரிகுடா இருக்கிறது. போகும் வழியில், 2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் இந்திய அணி இருபது ஓவர் உலகக் கோப்பையை வென்ற கென்சிங்டன் ஓவல் மைதானத்தையும் பார்த்துச் செல்லலாம். அந்த இறுதி ஆட்டத்தை நள்ளிரவு வரை விழித்திருந்து பார்த்த பேரன் அதை ஆமையைவிடப் பெரிதாகக் கருதினாலும் வியப்பில்லை. கார்லைல் விரிகுடா மேற்கு நோக்கியது. ஆழமற்ற நீரில் பழைய கப்பல்கள் சில மூழ்கிக் கிடக்கின்றன. 1919இல் மூழ்கிய பெர்வின் என்னும் இழுவைப் படகு அவற்றுள் ஒன்று. ஆமைகளும் அங்கே வாழ்கின்றன.

ஆனால் பார்படாஸில் ஒரு வழக்கம் நமக்கு உடன்பாடில்லை. சில சுற்றுலாப் படகினர் மீன் துண்டுகளை வீசி ஆமைகளை அழைக்கின்றனர். உடனே ஆமைகள் கூடும், பயணிகள் மகிழ்வர். ஆனால் புல் மேய வேண்டிய உயிர் படகின் ஓசையைக் கேட்டாலே அதனை நோக்கி நீந்தப் பழகிவிட்டால், படகின் சுழல்விசிறிக்கு இரையாவதும் எளிது. மீன் என நினைத்து விரலைக் கடிக்கும் ஆமைகளும் உண்டு. முன்பதிவுக்கு முன் 'ஆமைக்கு உணவிடுவீர்களா' என்று ஒரு வரி கேட்டுவிட்டு, ஆம் என்பவரைத் தவிர்க்கலாம். குரசாவ் தீவின் மேற்கு முனையிலுள்ள பிளாயா பிஸ்காடோவில் மீனவர் கழித்தெறியும் மீன்கழிவுக்காக ஆமைகள் கூடுகின்றன. அங்கே காண்பது ஏறத்தாழ உறுதி. அதனாலேயே நெரிசலும் மிகுதி.

மெக்சிகோவின் கோசுமெல் தீவில் இறங்குவோர் அக்குமாலைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பர். மாயன் மொழியில் அப்பெயருக்கே ஆமைகளின் இடம் என்று பொருள். ஆனால் அது தீவிலன்று, எதிர்க்கரையில் இருக்கிறது. முக்கால் மணி நேரம் படகிலும் பின்னர் அரை மணி நேரத்துக்கு மேல் சாலையிலும் செல்ல வேண்டும். ஒரு பகல் நிறுத்தத்தில் அது வீண் துணிச்சல் என்றே கருதுகிறோம். கிராண்ட் கேமனில் உள்ள ஆமை மையம் 1968இல் பண்ணையாகத் தொடங்கப்பட்டது. குழந்தைகளுக்குப் பிடிக்கலாம், ஆனால் கடலில் ஆமையைக் காண்பதற்கு அது ஈடாகாது.

நேரக் கணக்கில் பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. கப்பலின் நேரமும் கரையின் நேரமும் எப்போதும் ஒன்றல்ல. கோசுமெல் ஆண்டு முழுவதும் ஒரே நேரத்தைப் பின்பற்றுகிறது. ஃபுளோரிடாவோ கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுகிறது. கோடையில் கப்பல் ஃபுளோரிடா நேரத்திலேயே இயங்கினால், கரையில் தானாக மாறிக்கொண்ட கைப்பேசி நான்கு மணி காட்டும்போது கப்பலில் ஐந்து மணி. செயின்ட் தாமஸில் குளிர்காலத்தில் இதன் மறுதலை: கரை நேரம் ஃபுளோரிடாவைவிட ஒரு மணி முந்தியது, எனவே கப்பல் நேரத்தில் கைக்கடிகாரம் கட்டியவர் கரைப்படகைத் தவறவிடுவார். இறங்கும்முன் கப்பலின் நேரத்தைக் கேட்டுத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கப்பல் நிறுவனத்தின் வழியே பதிவுசெய்த சுற்றுலா தாமதமானால் கப்பல் பொதுவாகக் காத்திருக்கும். தனியே சென்றவருக்காகக் காத்திருக்காது. அடுத்த துறைமுகத்துக்குத் தாமே விமானம் ஏறிச் செல்ல நேர்ந்தால் ஆகும் செலவு, கப்பல் சுற்றுலாவின் கூடுதல் கட்டணத்தைப் பலமடங்கு விஞ்சும்.

நீரில் இறங்கியபின் ஆமையிடமிருந்து மூன்று நான்கு மீட்டராவது விலகியிருங்கள். ஆமை நுரையீரலால் சுவாசிப்பது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்தாக வேண்டும். அதற்கு நேர் மேலே நாம் மிதந்தால் அது மூச்சுக்கு எழத் தயங்கும். அசையாமல் மிதந்திருப்பவரின் அருகே அது தானே வருவதுண்டு. துரத்துபவருக்குக் கிடைப்பது புழுதி மட்டுமே. அமெரிக்கத் தீவுகளில் ஆமையைத் தொடுவதும் தொந்தரவு செய்வதும் சட்டப்படி குற்றம். பவளத்துக்குக் கேடான சில வேதிப்பொருள்கள் கலந்த வெயில்காப்புக் களிம்புகளுக்கும் அங்கே 2020 முதல் தடை உண்டு. முழுக்கைச் சட்டை அணிவதே எளிய வழி.

இதய நோய், உயர் இரத்த அழுத்தம் உள்ளோர் மருத்துவரைக் கேட்டபின்னரே மூச்சுக்குழலை வாயில் வைக்க வேண்டும். அதன் வழியே சுவாசிப்பது பார்ப்பதற்கு எளிது. பழகாதவருக்குத் திணறலைத் தரும். தனியே இறங்காதீர்கள், மிதவை அங்கியைத் தவிர்க்காதீர்கள்.

பணம் பற்றிச் சில சொற்கள். உங்கள் அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாடு இயக்கப்பட்டுள்ளதா, வரம்பு போதுமா என்பதை ஊரிலேயே சரிபார்த்துவிடுங்கள். கடையில் அட்டை இயந்திரம் ரூபாயில் செலுத்துகிறீர்களா என்று கேட்டால், உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். ரூபாய் எனச் சொன்னால் மாற்று விகிதம் பெரும்பாலும் பாதகமாகவே அமையும். பார்படாஸில் இரண்டு உள்ளூர் டாலர் ஓர் அமெரிக்க டாலருக்கு இணை. வண்டிக் கட்டணம் பேசும்போது எந்த டாலர் என்று கேட்டுக்கொள்ளுங்கள். காப்பீட்டு ஆவணத்தில் நீர் விளையாட்டுகளும் அவசர மருத்துவ வெளியேற்றமும் அடங்குகின்றனவா என்று பாருங்கள். சிறு தீவிலிருந்து நோயாளியைப் பெரிய மருத்துவமனைக்கு விமானத்தில் கொண்டு செல்வது ஒரு குடும்பத்தின் சேமிப்பையே கரைக்கவல்லது. கரையில் இறங்கும்போது கடவுச்சீட்டின் நகலும் ஓர் அட்டையும் நீர்புகாப் பையில் உடன் இருக்கட்டும்.

ஆசிரியரிடம் இவையனைத்தையும் சொல்லி முடித்தபின் இன்னொன்றையும் சொன்னோம். மீசை அடர்த்தியாக இருந்தால் முகக்கண்ணாடி சரியாகப் பொருந்தாது; இடுக்கு வழியே நீர் கசியும். மேலுதட்டில் சிறிது வாசலின் தடவினால் ஓரளவு தாங்கும்; மழித்துவிட்டால் கவலையே இல்லை. நாற்பது ஆண்டு மீசையைத் தடவியபடி அவர் எழுந்தார். வாசலின் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்.