மணற்குன்றுகள் மறக்கவில்லை

யுத்த சரித்திரத்தை நாம் பெரும்பாலும் நூல்களின் வாயிலாகவே அறிகிறோம். யுத்தத்தில் ஈடுபட்டவர்களில் எவர் பேனாவைக் கையில் எடுத்தாரோ அவருடைய பங்கே நூல்களில் பெருத்து நிற்கிறது. எடுக்காதவருடைய பங்கு ஓர் அடிக்குறிப்பாகச் சுருங்குகிறது. அதுவும் இல்லாமற் போவதும் உண்டு. ஆனால் போர் நடந்த பூமிக்கு இந்தப் பட்சபாதம் கிடையாது. அது எல்லோருடைய காலடியையும் ஒரே மாதிரிதான் தாங்கியது. இந்த உண்மையை விளக்க ஐரோப்பாவின் வட கடலோரத்தில் உள்ள ஒரு கிராமத்தைப் போலப் பொருத்தமான இடம் வேறு இல்லை. அதன் பெயர் பிரே-தூன்.

பிரெஞ்சு தேசத்தின் பெருநிலப் பகுதியில் இதற்கு வடக்கே வேறு ஊர் கிடையாது. கிழக்கே நடந்தால் சிறிது நேரத்திற்குள் பெல்ஜியத்தின் எல்லை வந்துவிடும். மேற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்தில் டன்கர்க் துறைமுகம். 19-ம் நூற்றாண்டில் அல்போன்ஸ் பிரே என்ற கப்பல் முதலாளி செம்படவர்களுக்காக இங்கே ஒரு குடியிருப்பை அமைத்தார். 1883-ல் அது தனிக் கிராமமாயிற்று. ஊர்ப்பெயரின் முற்பாதி அவருடையது. பிற்பாதி மணற்குன்றுகளைக் குறிப்பது.

அந்த மணற்குன்றுகள் ஊருக்கு இரு புறத்திலும் நீண்டு கிடக்கின்றன. கடற்காற்று ஓயாமல் மணலை வாரி இறைக்கிறது; ஒருவகை முரட்டுப் புல் அந்த மணலைப் பிடித்து நிறுத்துகிறது. நம் கடற்கரையில் இராவணன் மீசை செய்கிற வேலையை அங்கே அந்தப் புல் செய்கிறது. அதன் வேர் உள்ளவரை குன்று நிற்கும். வேர் போனால் குன்றும் போய்விடும். குன்றுகளின் மறைவில் முட்செடிகள் அடர்ந்து ஆரஞ்சு வர்ணச் சிறு கனிகளைத் தாங்கி நிற்கின்றன. ஊருக்கு மேற்கே உள்ள மார்ஷான் மணற்குன்றை 1974-ல் பிரெஞ்சு சர்க்கார் தேசியப் பாதுகாப்பு வனமாக்கினர். 80 ஹெக்டேருக்குச் சற்று அதிகமான அந்த நிலத்தில் குறிப்பிட்ட பாதையை விட்டு விலகி நடக்கலாகாது. நடப்பவனுக்குப் புல் ஓர் அற்பப் பொருள். அந்தக் கரைக்கோ அதுதான் கோட்டை மதில்.

இவ்வளவு அமைதியான இடத்தில்தான் 1940-ம் வருஷம் மே மாதக் கடைசியில் லட்சக்கணக்கான மனிதர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மே 10-ந் தேதி ஜெர்மன் சேனை ஹாலந்திலும் பெல்ஜியத்திலும் புகுந்தது. பத்து நாட்களுக்குள் அதன் கவச வண்டிகள் பிரெஞ்சுக் கடற்கரையை எட்டிவிட்டன. வடக்கே இருந்த பிரிட்டிஷ், பிரெஞ்சு சேனைகள் கடலுக்கும் பகைவனுக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்டன. மே 26 முதல் ஜூன் 4 வரையில் டன்கர்க்கிலிருந்தும் அதன் கிழக்கே உள்ள கடற்கரைகளிலிருந்தும் 3,38,226 பேர் கப்பலேறி இங்கிலாந்து சேர்ந்தனர். அவர்களில் சுமார் 1,40,000 பேர் நேச நாட்டினர், பெரும்பாலோர் பிரெஞ்சுக்காரர்.

கரையின் அமைப்பைக் கண்டால்தான் அந்த நாட்களின் கஷ்டம் விளங்கும். பிரே-தூன் கடற்கரை மிக மெல்லச் சரிந்து செல்வது. கடல் வற்றும் வேளையில் நீர் வெகு தூரம் பின்வாங்கிவிடும். பெரிய கப்பல்கள் அணுக முடியாது. சிப்பாய்கள் கழுத்தளவு நீரில் மணிக்கணக்கில் வரிசையாக நின்று, சிறு படகுகளில் ஏறி, அப்பால் நின்ற கப்பல்களை அடைய வேண்டியிருந்தது. கடல் வற்றியபோது லாரிகளை வரிசையாக ஓட்டி நிறுத்தி, மேலே பலகை பரப்பிப் பாலமாக்கினார்கள். இத்தனைக்கும் கரையிலிருந்து ஏறியவர்கள் ஒரு லட்சத்திற்குச் சற்றுக் குறைவு. மற்றவர்களெல்லாம் டன்கர்க் துறைமுகத்திலிருந்து, முக்கியமாக அதன் நீண்ட அலைதடுப்புப் பாலத்திலிருந்து, ஏறியவர்களே.

இன்றும் கடல் நன்றாக வற்றும்போது அந்த நாட்களின் எலும்புகள் வெளியே தெரிகின்றன. லண்டன் ஜனங்களை உல்லாசப் பிரயாணம் அழைத்துச் சென்றுகொண்டிருந்த 'கிரெஸ்டெட் ஈகிள்' என்ற சக்கரத் துடுப்புக் கப்பல் மே 29-ந் தேதி ஆகாய விமானங்களின் குண்டுகளால் தீப்பற்றியது. கப்பலைக் கரையை நோக்கிச் செலுத்தினார்கள். அடுத்த ஊராகிய சுய்ட்கூட்டின் மணலில் அது தரை தட்டிற்று. மாண்டவர்கள் சுமார் 300 பேர். பாசியும் சிப்பியும் படர்ந்த அதன் இரும்பு விலாக்களை இன்றும் நடந்து சென்று காணலாம். அங்கே செல்பவர்கள் அதை வேடிக்கைப் பொருளாகக் கருதலாகாது. அது ஒரு கல்லறை.

மேற்கே நடந்தால் ஒவ்வொரு தேசமும் தன் ஞாபகத்தை எவ்வாறு காத்திருக்கிறது என்பது புலனாகும். சுய்ட்கூட்டின் கடலோர ஆஸ்பத்திரி அந்நாட்களில் ஆயிரக்கணக்கான காயம்பட்டவர்களால் நிரம்பி வழிந்தது. டன்கர்க்கில் சிறைப்பட்ட ராபர்ட் மெர்ல் என்ற பிரெஞ்சு ஆசிரியர் இந்த ஊரின் பெயரையே தலைப்பில் வைத்து எழுதிய நாவல் 1949-ல் கோன்கூர் பரிசு பெற்றது. அப்பால் லெப்ரிங்கூக்கில் 1878-க்கும் 1880-க்கும் இடையே கட்டிய கோட்டை இருக்கிறது. 1940 ஜூன் 2-ந் தேதி விழுந்த குண்டுகளால் அங்கே ஜெனரல் ஜான்ஸன் உயிர் துறந்தார். பிரிட்டிஷார் கப்பலேறுவதற்காகப் பின்னணியில் நின்று போரிட்ட பிரெஞ்சுச் சிப்பாய்களில் 30,000-க்கு மேற்பட்டோர் ஜூன் 4-ந் தேதி சிறைப்பட்டனர். சிறு படகுகளின் கதையை இங்கிலாந்து இடைவிடாமல் சொல்லிவந்தது. காவல் நின்றவர்களின் கதையைச் சொல்ல பிரெஞ்சுக்காரர் தாமே முன்வர வேண்டியிருந்தது.

அதே கரையில் ஜெர்மானியர் பின்னர் எழுப்பிய காங்கிரீட் அரண்கள் மணலில் சாய்ந்து கிடக்கின்றன. 1944-ல் பிரெஞ்சு தேசத்தின் பெரும்பகுதி விடுதலை அடைந்த பின்பும் அவர்கள் டன்கர்க்கை விட்டு அசையவில்லை. 1945 மே 9-ந் தேதிதான் சரணடைந்தார்கள். அந்த அரண்களில் ஒன்றை 2014-ல் ஒரு கலைஞர் கண்ணாடித் துண்டுகளால் போர்த்தினார். பீரங்கிக்காக எழுப்பிய சுவர் வானத்தையும் கடலையும் பிரதிபலிக்கலாயிற்று.

இவ்வளவையும் எதற்காகச் சொல்கிறோம்? அந்தக் கரையில் நம்மவர்களும் இருந்தார்கள் என்பதற்காக.

1939 செப்டம்பர் 3-ந் தேதி வைஸ்ராய் லின்லித்கோ இந்திய ஜனப்பிரதிநிதிகளை ஒரு வார்த்தையும் கேளாமல் இந்தியாவை யுத்தத்தில் சேர்த்துவிட்டார். அதைக் கண்டித்தே காங்கிரஸ் மந்திரிசபைகள் ராஜிநாமாச் செய்தன. சென்னையில் ராஜாஜி மந்திரிசபையும் அவ்வாண்டு அக்டோபரில் விலகிற்று. அவ்வருஷ டிசம்பரில் நான்கு கம்பெனிகள் கொண்ட ஓர் இந்தியப் படை, கோவேறு கழுதைகளுடன் மார்சேல்ஸ் துறைமுகத்தில் இறங்கியது. முற்றிலும் மோட்டாரை நம்பிய பிரிட்டிஷ் சேனைக்கு, பனியிலும் சேற்றிலும் சுமை இழுக்கக் கழுதையும் கழுதைக்காரனும் தேவைப்பட்டனர். வந்தவர்களில் பெரும்பாலோர் பஞ்சாப் முஸ்லிம்கள்.

மே மாதத்தில் அவர்களும் கடலை நோக்கிப் பின்வாங்கினார்கள். ஜமேதார் மௌலா தாத் கான், பீரங்கிக் குண்டும் விமானக் குண்டும் பொழிந்தபோது தம் ஆட்களையும் விலங்குகளையும் ஒழுங்கு குலையாமல் மறைவிடம் சேர்த்தார். அதற்காக இந்திய விசேஷ சேவைப் பதக்கம் பெற்றார். சுமார் 300 இந்தியர் டன்கர்க் வழியே இங்கிலாந்து சேர்ந்தனர். கழுதைகளை விட்டுவிட்டே போக நேர்ந்தது. ஒரு கம்பெனி முழுவதும் வேறிடத்தில் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டது. தப்பியவர்கள் பிரிட்டனில் சில வருஷங்கள் தங்கினர். ஸ்காட்லாந்தின் கிங்கூசி என்ற சிற்றூர் மயானத்தில் அவர்களில் ஒன்பது பேர் துயில்கின்றனர்.

2017-ல் டன்கர்க்கைப் பற்றி உலகமெங்கும் ஓடிய ஆங்கிலப் படத்தில் இவர்களுடைய சுவடு இல்லை. 2020-ல் கீ பௌமன் என்ற ஆங்கிலேயர் இவர்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். அவருடைய உழைப்பை மனமாரப் பாராட்டுகிறோம். ஆயினும் ஒரு கேள்வி நம் நெஞ்சைக் குத்துகிறது. எண்பது வருஷங்கள் நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்?

இதற்குக் காரணம் உண்டு. சுதந்திரத்திற்காகச் சிறை புகுந்தவர்களே நம் வீரர்கள். அன்னியன் சம்பளத்தில் துப்பாக்கியும் கடிவாளமும் பிடித்தவன் நமக்கு யார் என்று எண்ணினோம். 1947-ல் தேசம் பிரிந்தபோது அவர்களில் பெரும்பாலோர் ஊர் எல்லைக்கு அப்பால் போய்விட்டது; ஆகவே எந்தப் பக்கமும் அவர்களைத் தன்னவர் என்று உரிமை கொண்டாடவில்லை. யுத்தத்தில் தம்மைச் சேர்த்தது யார் என்ற விவாதம் அரசியல்வாதிகளுக்கு உரியது. பனியில் கழுதையின் கயிற்றைப் பிடித்து நின்ற ஏழைக் குடியானவன் அந்த முடிவைச் செய்தவனல்லன். அன்னிய ஆட்சியைக் கண்டிப்பதற்கும் அதன் கீழ் உழன்ற நம் மக்களை மறப்பதற்கும் வெகு தூரம். முன்னது தேசபக்தி, பின்னது நன்றி மறத்தல்.

பிரே-தூன் குன்றுகள் நமக்குப் போதிப்பது இதுவே. மணல் தானே நிற்பதில்லை. புல்லின் வேர்தான் அதை நிறுத்துகிறது. ஞாபகமும் அப்படித்தான். நம் கிராமங்களிலிருந்தும் இரண்டு மகா யுத்தங்களுக்கு ஆட்கள் போனார்கள். அவர்களுடைய பெயர், ஊர், போன இடம், திரும்பினார்களா என்ற விவரம் ஆகியவற்றை முதியோரிடம் கேட்டு எழுதி வைப்பது, பெட்டியில் கிடக்கும் பதக்கத்தையும் கடிதத்தையும் காப்பது இவையே நாம் நடவேண்டிய வேர்கள். பொதுவேலையில் ஈடுபட்ட நண்பர்கள் ஒவ்வொருவரும் தத்தம் ஊரில் ஒரு நோட்டுப் புஸ்தகத்துடன் இதைத் தொடங்கட்டும். கேட்டுச் சொல்லக்கூடியவர்கள் நாளுக்கு நாள் குறைந்துவருகிறார்கள், காற்றோ ஓய்வதில்லை.